ஆண்டுக்கு இரண்டு ஊசி: மலையகத்துக்கும் வேண்டும்

(வெலிமடையில் ஆற்றிய உரை)



இலை கருகிய பின்னர் மருந்து தெளிப்பதிலும் முன்னரே தெளிப்பது மேலென்பதை உருளைக்கிழங்கு பயிரிடும் வெலிமடை விவசாயிகள் அறிவார்கள். எச்.ஐ.வி. கிருமிக்கும் அத்தகைய காப்பு மருந்து வந்துள்ளது.

லெனகபவிர் என்னும் அம்மருந்து, தொற்று இல்லையெனப் பரிசோதித்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலின்கீழ் ஏற்றப்படுவது. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் அதனைப் பெற்ற 2,134 பெண்களுள் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லையென 2024இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பரிந்துரைத்தது.

தினமும் விழுங்கும் காப்பு மாத்திரை முன்னரே உண்டு. ஆயினும் ஒற்றையறை லயத்தில் மாத்திரைப் போத்தலை எங்கே மறைப்பது? கண்டவர் நோயாளி என்பர். ஊசிக்கோ ஆண்டில் இரு நாட்கள் போதும்.

அமெரிக்காவில் இதன் விலை ஆண்டுக்கு 28,000 டொலருக்கு மேல். வறிய நாடுகளுக்கு 2027 முதல் 40 டொலருக்கு வழங்க ஐதராபாத்தின் இரு நிறுவனங்கள் 2025இல் உடன்பட்டன.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுதலை ஒழித்ததென 2019இல் சான்று பெற்ற நாடு இலங்கை. அவ்வரசிடம் நாம் கோருவது: மருந்தை வாங்குக, வேண்டுவோர்க்கு இலவசமாக வழங்குக, தமிழில் விளக்குக, பெயரை இரகசியமாகக் காக்குக. தோட்ட நிர்வாகங்களிடம் கோருவது: ஊசி நாளின் கூலியை வெட்டாதீர்.

இலவச வைத்தியம் இந்நாட்டார் அனைவருக்கும் உரியது. லயத்தில் வாழ்வோரும் இந்நாட்டாரே!