கையும் மனமும்



மனச்சாந்தி என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். சாந்தியைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் வாழ்ந்து முதிர்ந்த பெரியோர்கள். ஒரு பரீட்சைக்கும் அடுத்த பரீட்சைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் மாணவனுக்கு அதில் என்ன உரிமை உண்டு என்று நீங்கள் கேட்கலாம். மருந்தைப் பற்றி விசாரிக்க நோயாளிக்கு உரிமை உண்டன்றோ? அந்த உரிமையோடுதான் உங்கள்முன் நிற்கின்றேன்.

எம்மிற் பலர் சாந்தி என்பது எங்கோ தூரத்தில் இருப்பதாக எண்ணுகின்றோம். பரீட்சை முடியட்டும், உத்தியோகம் கிடைக்கட்டும், தங்கையின் கலியாணம் ஒப்பேறட்டும், அண்ணனுடைய விசா அலுவல் சரிவரட்டும், அதன்பின் ஆறுதலாக இருக்கலாம் என்பது இளைஞர் போடும் கணக்கு. பெரியோர் போடுவதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆனால், ஒன்று முடிய மற்றொன்று வந்து நிற்கின்றது. சாந்தியோ தவணை சொல்லிக்கொண்டே போகின்றது. நாளை என்பது வரும்போது இன்றாகவே வருகின்றது. ஆகவே இன்றைய கருமத்திலே அமைதியைக் காணப் பழகாதவன் நாளைக்கும் அதைக் காணப்போவதில்லை. கை எங்கே இருக்கின்றதோ அங்கே மனத்தையும் இருக்கச் செய்யப் பழக வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

நாம் ஒரு நாளைக் கழிக்கும் விதத்தைச் சற்றுக் கவனிப்போம். குளிக்கும்போது பாடத்தை எண்ணுகின்றோம். பாடம் நடக்கும்போது சாப்பாட்டை எண்ணுகின்றோம். சாப்பிடும்போது ஒரு கை சோற்றிலும் மறு கை கைத்தொலைபேசியிலும் இருக்கின்றது. என்ன கறி உண்டோம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். உடம்பு ஓரிடத்திலும் மனம் வேறிடத்திலுமாக வாழ்ந்துவிட்டு, இரவில் களைப்பாக இருக்கின்றது என்கின்றோம்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த கில்லிங்ஸ்வேர்த், கில்பேர்ட் என்னும் உளவியலாளர் இருவர் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம், நாளில் எதிர்பாராத வேளைகளிற் கைத்தொலைபேசி வழியாக மூன்று விஷயங்களைக் கேட்டார்கள். இப்போது என்ன செய்கின்றீர்? செய்வதை விட்டு வேறெதையும் எண்ணுகின்றீரா? உம்முடைய மனம் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கின்றது? கிடைத்த விடைகளில் நூற்றுக்கு 47 அளவில், மனம் செய்யும் வேலையில் இருக்கவில்லை. அலையும் மனம் மகிழ்ச்சி குறைந்திருந்தது. இன்பமான எண்ணங்களில் அலைந்தவர்கள்கூட, செய்கருமத்தில் நின்றவர்களைவிடக் கூடுதலான மகிழ்ச்சி பெற்றிருக்கவில்லை. ஆகாயத்திற் கோட்டை கட்டுவதிலும் லாபமில்லை என்பது இதனால் விளங்குகின்றது.

நான் கற்றது கிறிஸ்தவ மிசன் பாடசாலையொன்றில். சகோதரர் லோறன்ஸ் என்பவருடைய கதையை அங்கேதான் அறிந்தேன். அவர் 17ஆம் நூற்றாண்டில், பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடமொன்றில் வாழ்ந்தவர். போரிற் காயம்பட்டுக் கால் ஊனமுற்றவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. அவ்வேலையில் அவருக்கு இயல்பாகவே விருப்பமில்லை. இருந்தும் பல ஆண்டுகள் அதைச் செய்தார். அடுக்களையின் சந்தடியிலும், செபத்தில் முழந்தாளிட்டிருக்கும் வேளையில் உள்ள அதே அமைதியோடு தாம் இருப்பதாக அவர் சொன்னார். 1691இல் அவர் மறைந்தபின் அவருடைய வார்த்தைகளையும் கடிதங்களையும் தொகுத்து நூலாக்கினார்கள். பெரிய சாத்திரங்கள் எதுவும் எழுதாத ஒரு சமையற்காரரின் வார்த்தைகளை உலகம் இன்றும் படிக்கின்றது.

அந்தக் கதை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கோயிலில் நாம் சிறு வயதிலிருந்து காணும் திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவத்தை நினைத்துப் பாருங்கள். நாவுக்கு அரசர் என்று பெயர் பெற்றவருடைய கையில் இருப்பது ஏடன்று. புல் செதுக்கும் உழவாரம். திருப்புகலூரில் அவர் பணிசெய்த இடத்திற் பொன்னும் மணியும் தோன்றின என்றும், அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே எண்ணி வாவியில் எறிந்துவிட்டார் என்றும் சேக்கிழார் கூறுகின்றார். இதைப் பற்றற்ற தன்மைக்கு உதாரணமாகப் பெரியோர் எடுத்துக்காட்டுவர். எனக்கு அதிலே இன்னொன்றும் தெரிகின்றது. புல்லைச் செதுக்கும் பணியில் நின்ற மனம், பொன்னைக் கண்டும் அவ்விடத்தை விட்டுப் பெயரவில்லை. எமக்கோ பொன் வேண்டியதில்லை. தொலைபேசி ஒருமுறை மணியடித்தாற் போதும்.

அப்படியாயின் இதைப் பழகுவது எங்ஙனம்? பகவத்கீதையின் 6ஆம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குதல் மிக அரிது என்று அருச்சுனன் முறையிடுகின்றான். கண்ணபிரான் அதை மறுக்கவில்லை. அரிதென்று ஒப்புக்கொண்டு, அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் அது கைகூடும் என்கின்றார். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலிலே, அலையும் கவனத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுக்கொண்டு வரும் ஆற்றலை மனவுறுதிக்கும் ஒழுக்கத்துக்கும் வேர் என்று எழுதினார். ஆனால், அதைப் பயிற்றும் வழியைச் சொல்வது எளிதன்று என்றும் கூறி வைத்தார்.

வழி எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கின்றது. பனையுச்சியிற் பாளை சீவும் தொழிலாளியின் மனம் வேறெங்கும் போவதில்லை. போனால் உயிருக்கு மோசம். திருவலையிற் தேங்காய் திருவுகின்றவர் பராக்குப் பார்த்தால் விரல் வெட்டுப்படும். ஆபத்துள்ள வேலை எம்மைக் கட்டாயப்படுத்தி நிறுத்துகின்றது. ஆபத்தில்லாத வேலையில் நாமே எம்மை நிறுத்திக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஒரு வேலையைத் தெரிந்தெடுப்போம். முற்றம் கூட்டுவதானால் விளக்குமாற்றின் ஓசையையும், மண்ணின் ஈரத்தையும், கூட்டிய இடத்தையும் கூட்டாத இடத்தையும் கவனிப்போம். மனம் ஓடும், ஓடிற்றென்று கண்டதும் ஏசாமல் அழைத்துக்கொண்டு வருவோம். பத்து நிமிடத்தில் ஐம்பது முறை ஓடினால் ஐம்பது முறையும் அழைப்போம். அந்த அழைப்பே அப்பியாசம்.

இங்கே சில ஐயங்கள் எழலாம். எதிர்காலத்தை எண்ணாமல் வாழ முடியுமா? முடியாது. ஆனால், அதற்கும் ஒரு வேளை வைத்து, கடதாசியும் பேனையும் எடுத்து இருந்து எண்ணினால் அதுவும் ஒரு கருமமாகும். குளிக்கும்போதும் உண்ணும்போதும் அரித்துக்கொண்டிருப்பது யோசனையன்று, வெறும் கவலை.

அமைதி என்பது அநீதியைச் சகித்துக்கொண்டு கிடப்பதா என்றும் கேட்கலாம். 2022இல் எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். மனம் கொதித்ததனால் எந்த வரிசையும் குறுகவில்லை. அதற்காக, வரிசை ஏன் வந்தது என்று கேளாதிருப்பதும் சரியன்று. தெளிந்த மனமே அக்கேள்வியைத் தெளிவாகக் கேட்கும்.

கடைசியாக, இளைஞர்களாகிய எமக்கு ஒன்று. வீட்டு வேலையிற் சாந்தி உண்டு என்று மேடையிற் பேசுவது எளிது. அந்த வேலைகளை விடியற்காலை தொடங்கி இரவுவரை செய்கின்றவர்கள் எங்கள் தாய்மாரும் சகோதரிகளும். அவர்களுடைய உழைப்பைத் தவம் என்று புகழ்ந்துவிட்டு, உண்ட கோப்பையை மேசையில் விட்டெழும்புவது நியாயமா? வேலையால் இளைத்துப்போன தாய்க்கு வேண்டியது எங்கள் போதனையன்று, எங்கள் கை. பயிற்சிக்கு இடந்தேடும் இளைஞனுக்கு அது குசினியிலேயே காத்திருக்கின்றது. அவன் அங்கே போனால் அவனுக்கும் சாந்தி. தாய்க்கும் சற்று ஓய்வு. தனக்கு மட்டும் கிடைத்துப் பிறருக்குச் சுமையாகும் அமைதியை நான் சாந்தி என்று சொல்லமாட்டேன்.

இன்னும் சிறிது நேரத்தில் இக்கூட்டம் முடியும். கதிரைகளை அடுக்க வேண்டும். மண்டபத்தைக் கூட்ட வேண்டும். தேநீர்க் குவளைகளைக் கழுவ வேண்டும். வழக்கமாக யார் செய்கின்றார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்றைக்கு இளைஞர்களாகிய நாமே அதைச் செய்வோம். பேச்சை இங்கே நிறுத்திக்கொள்கின்றேன்.