குறை தீர்ந்தது என்று சொல்ல வேண்டியவர் யார்?

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருள் பிரியுமுன் எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று மரம் சீவி, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் களைப்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலின் நீண்ட முன்னுரை கூறி உங்கள் நேரத்தைக் கவர விரும்பவில்லை. ஒரு சிறு கேள்வியோடு தொடங்குகிறோம். தோட்டத்தில் ஒரு குறை இருக்கிறது. அதைத் திருத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். அது உண்மையாகவே திருந்திவிட்டது என்று முடிவு சொல்ல வேண்டியவர் யார்?

தகவல் இலாகாப் பணிக்கு வருமுன் நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பயிற்சி ஆசிரியராக நின்ற நாட்களில், மாணவர் கட்டுரைகளில் பிழை கண்ட இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்துவிடுவோம். அதுவே திருத்தம் என்று எண்ணியிருந்தோம். மூத்த ஆசிரியை ஒருவர் எம்மை அழைத்து, “தம்பி, நீங்கள் பிழையைக் காட்டினீர்கள், பிள்ளை அதைத் திருத்தி எழுதினானா என்று பார்த்தீர்களா? அடுத்த கட்டுரையில் அதே பிழை வருகிறதே!” என்றார். அன்று பெற்ற பாடத்தை இன்றுவரை மறக்கவில்லை. பிழையைக் காண்பது முதற்படி மட்டுமே. அது மீண்டும் வாராமற் செய்தலே திருத்தம் ஆகும்.

ஒழுகிய கூரை

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். அதன் பெயர் இங்கு வேண்டா. அங்கே குறைகளைப் பதியும் புத்தகம் ஒன்று ஒழுங்காகவே வைக்கப்பட்டிருந்தது. ஒரே வீட்டின் எண்ணுக்கு எதிரே, “கூரை ஒழுகுகிறது — பழுது பார்க்கப்பட்டது” என்று ஓராண்டுக்குள் ஆறு முறை எழுதப்பட்டிருந்தது. ஆறு முறையும் கையொப்பம் இருந்தது. புத்தகத்தைப் பார்க்கும் எவரும், இத்துணை விரைவாக வேலை நடக்கும் தோட்டம் வேறு உண்டோ என்றே மகிழ்வர்.

நாம் அந்த லயத்துக்கு நடந்து சென்றோம். அந்த வீட்டம்மா பால் வாளி ஒன்றைக் கூடத்தின் நடுவே வைத்திருந்தார். மழைநீர் அதில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மகளின் பள்ளிப் புத்தகங்கள் சுவரோரம் காயப் போடப்பட்டிருந்தன. “அவர்கள் வந்தார்கள் ஐயா, ஆணி அடித்தார்கள், போனார்கள், அடுத்த மழைக்கு மறுபடியும் ஒழுகியது” என்றார். கூரையைப் பார்த்தோம். வீட்டை ஒட்டி நின்ற பலா மரத்தின் கிளை ஒன்று காற்றடிக்கும்போதெல்லாம் தகரத்தில் மோதி ஆணிகளை இளக்கிக்கொண்டிருந்தது. ஆறு முறை ஆணி அடித்தவர்கள் ஒரு முறையேனும் அந்தக் கிளையை நோக்கவில்லை. ஆறு முறை கையொப்பமிட்டவர் ஒரு முறையேனும் அந்த அம்மாவைக் கேட்கவில்லை.

கிளையை வெட்ட அரை மணி நேரம் ஆயிற்று. அதன்பின் அந்தக் கூரை ஒழுகவில்லை.

ஆறு படிகள்

சட்டத்தின்படி நடக்க விரும்பும் எந்தத் தோட்டமும், எந்தத் தொழிற்சாலையும் பின்பற்றத்தக்க திருத்த முறை ஒன்று உண்டு. அதனை ஆறு படிகளாகக் கூறலாம்.

முதலாவது, குறையைக் கண்டவர் உடனே சொல்ல வேண்டும். இரண்டாவது, சொன்னது நாள், இடம், சொன்னவர் பெயர் ஆகியவற்றோடு புத்தகத்தில் பதியப்பட வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். மூன்றாவது, அந்த நேரத்து ஆபத்தைத் தடுக்க வேண்டும். கூரை ஒழுகினால் மின்விளக்குக் கம்பியில் நீர் படாமல் காப்பதே முதல் வேலை. நான்காவது, காரணத்தைத் தேட வேண்டும். ஏன் ஒழுகுகிறது? ஆணி இளகியது. ஏன் இளகியது? தகரம் அதிர்ந்தது. ஏன் அதிர்ந்தது? கிளை மோதியது. கிளையை வெட்டுவது யார் பொறுப்பு? எவர் பொறுப்பிலும் விடப்படவில்லை! இவ்வாறு ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே சென்றால், கூரையில் தொடங்கிய கேள்வி நிருவாகத்தில் வந்து நிற்பதைக் காண்பீர்கள். ஐந்தாவது, இன்னார் இந்த நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று பெயரும் நாளும் குறிக்க வேண்டும். “விரைவில் செய்யப்படும்” என்பது நாளாகாது. ஆறாவது, வேலை முடிந்தபின் அது பயன் தந்ததா என்று பார்க்க வேண்டும். கூரைக்கு ஒரு மழை கழிய வேண்டும். அதன்பின் அந்த வீட்டில் வாழ்பவரே “சரியாயிற்று” என்று ஒப்பமிட வேண்டும்.

உரையின் தொடக்கத்தில் நாம் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. குறை தீர்ந்தது என்று சொல்ல வேண்டியவர், அந்தக் குறையால் துன்புற்றவரே ஆவார்.

அஞ்சாமற் சொல்லும் உரிமை

இந்த ஆறு படிகளுக்கும் அடித்தளமாக ஒன்று உள்ளது. முதற்படியில் வாய் திறந்தவருக்குத் தீங்கு நேருமாயின், மற்ற ஐந்து படிகளும் வீணே. இந்த உண்மையைக் கிள்ளான் மண்ணே நமக்குக் கற்பித்திருக்கிறது.

1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் முன்னின்றவர் ஆர். எச். நாதன். சம ஊதியம், தக்க மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக் கடைகளை மூடுதல், துரையின் முன்னும் கிராணியின் முன்னும் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமை ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளுள் அடங்கும். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: குறையை எடுத்துரைப்பவரைப் பழிவாங்குதல் கூடாது என்பதே அது. அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். குறை கேட்க வழியில்லாத இடத்தில் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அந்தக் கோரிக்கை பின்னாளில் சட்டத்தில் இடம் பெற்றது. 1994 ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதாவது 514 ஆம் சட்டம், தனது 27 ஆம் பிரிவில் இதனைக் கூறுகிறது. பாதுகாப்பற்றது அல்லது உடல் நலத்துக்குக் கேடானது என்று தாம் கருதும் ஒன்றைப் பற்றிப் புகார் செய்தார் என்ற காரணத்துக்காக, எந்த முதலாளியும் ஒரு தொழிலாளரை வேலையிலிருந்து நீக்குதல் கூடாது. அவருடைய வேலைக்குத் தீங்கு செய்தலும் கூடாது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைய வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி. இச்சட்டத்துக்கு 2022 இல் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து நேர்ந்து, அதனை முதலாளி நீக்காதபோது, தொழிலாளர் அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் அதனால் கிடைத்துள்ளது.

பாலிலிருந்து கையுறை வரை

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் கிள்ளானிலேயே அண்மைச் சான்று உண்டு. ரப்பர்ப் பாலிலிருந்து செய்யப்படும் பொருள்களுள் மருத்துவக் கையுறையும் ஒன்றாகும். அத்தொழிலில் உலகிலேயே பெரிய நிறுவனமான டாப் குளோவின் ஆலைகள் பல கிள்ளான், மேரு பகுதியில் உள்ளன. நேப்பாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பல்லாயிரவர் அவற்றில் வேலை செய்தனர். வேலை பெறுவதற்காக முகவருக்குப் பெருந்தொகை கொடுத்துக் கடனோடு வந்து சேர்ந்தவர்கள் அவர்களுள் பலர்.

குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990 ஆம் ஆண்டின் 446 ஆம் சட்டம் முன்னர்த் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் உரியதாக இருந்தது. 2019 இல் திருத்தப்பெற்று, 2020 ஜூன் 1 முதல் தொழிற்சாலை விடுதிகளுக்கும் விரிவாயிற்று. எனினும் அவ்வாண்டு நவம்பரில் அந்த விடுதிகளில் கோவிட் தொற்று பரவியது. 5,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 28 ஆலைகளைப் படிப்படியாக மூட அரசாங்கம் ஆணையிட்டது. நெரிசலும் காற்றோட்டமின்மையும் விடுதிகளில் இருந்ததை அதிகாரிகள் கண்டனர். ஆலையில் நெரிசலாக நின்ற தொழிலாளரைப் படமெடுத்து வெளியே அனுப்பிய நேப்பாளத் தொழிலாளர் ஒருவர், அதற்கு முன்பே செப்டம்பரில் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார் என்னும் செய்தியை ராய்ட்டர்ஸ் நிறுவனம் டிசம்பரில் வெளியிட்டது. நோய் வருமுன் சொன்ன வாய் அது!

கட்டாய உழைப்பு எனும் குற்றச்சாட்டின் பேரில் அந்நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்களின் கையுறைகளை 2020 ஜூலையிலேயே அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. 2021 மார்ச்சில் தடை மேலும் இறுகியது. அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். சுவருக்கு வெள்ளை அடித்ததால் அந்தத் தடை நீங்கவில்லை. தொழிலாளர் முகவருக்குக் கட்டிய பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வேலை நிலைமையும் தங்குமிடமும் மாற்றப்பட்டன. வெளியார் ஒருவர் வந்து தொழிலாளரிடமே கேட்டுச் சரிபார்த்தனர். தொழிலாளருக்கு வழங்கிய தொகை 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்று அச்சுங்கத்துறை கூறி, 2021 செப்டம்பரில் தடையை நீக்கியது. அதாவது, ஆணி அடிப்பதை விட்டுக் கிளையை வெட்டியபோதே வழி திறந்தது. முதலிலேயே அந்தத் தொழிலாளரின் சொல்லுக்குச் செவி கொடுத்திருந்தால் எவ்வளவோ இழப்பைத் தவிர்த்திருக்கலாம் அன்றோ?

நாம் செய்ய வேண்டுவன

பெருமக்களே! தோட்டக் குடியிருப்புகளை வாரம் ஒருமுறையேனும் பார்வையிட ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது 446 ஆம் சட்டத்தின் ஏற்பாடு. பல தோட்டங்களில் டிரெசரே அந்தப் பணியைச் செய்கிறார். அவர் வரும் நாளில் வீட்டில் ஒருவர் இருங்கள். அடைத்த சாக்கடையையும், தேங்கிய நீரையும், உடைந்த படியையும் நேரே காட்டுங்கள். புத்தகத்தில் எழுதும்படி கேளுங்கள்; எழுதியதைப் படித்துக் காட்டும்படியும் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அன்று. எழுதிய நாளை உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து வீட்டில் வேற்று நாட்டுத் தோழர் இருந்து அவருக்கு மொழி தெரியாவிடின், அவருடைய குறையையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர் இன்று நிற்கும் இடத்தில்தான் நம் தாத்தா பாட்டியர் அன்று நின்றனர்.

தோட்டத்தில் தீராத குறையைச் சங்கத்திடம் கொண்டு செல்லுங்கள். அங்கும் தீராவிடின், குடியிருப்பும் சம்பளமும் பற்றியவற்றைத் தொழிலாளர் இலாகாவுக்கும், வேலையிடத்து ஆபத்துகளைத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கும் தெரிவிக்கலாம். அப்போது நாட்களோடு கூடிய குறிப்பு உங்கள் கையில் இருக்குமாயின், உங்கள் சொல்லுக்கு வலிமை பன்மடங்காகும்.

நமக்கும் கடமைகள் உள. கொடுத்த காலணியை அணியாமல் காட்டுக்குள் செல்வதும், சாக்கடையில் குப்பையைக் கொட்டுவதும் நாமே உண்டாக்கும் குறைகள். நம் தவற்றை நாமே ஒப்புக்கொண்டு புத்தகத்தில் எழுதச் சொல்லும் நாளில், மற்றவர் தவற்றை எழுதச் சொல்லவும் நமக்குத் துணிவு பிறக்கும்.

நிருவாகத்தாருக்கும் ஒரு சொல். குறை சொல்ல வருபவர் உங்கள் பகைவர் அல்லர். செலவின்றிக் கிடைத்த காவற்காரர். அவரை அமர வைத்துக் கேளுங்கள்.

அந்த லயத்து அம்மாவின் வீட்டுக்கு நாம் மீண்டும் ஒருமுறை சென்றிருந்தோம். நல்ல மழை. கூடத்தின் நடுவே வாளி இல்லை. அவ்விடத்தில் அவருடைய மகள் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். குறைப் புத்தகத்தில் அந்த வீட்டுக்கான ஏழாவது பதிவின் கீழ், அந்த அம்மாவே தமிழில் தம் பெயரை எழுதியிருந்தார். உங்கள் தோட்டத்துப் புத்தகத்திலும் அவ்வாறு உங்கள் பெயர்கள் இடம் பெறுக என வாழ்த்தி விடைபெறுகிறோம்.