கேட்காத கேள்விக்குப் பதில் சேராது

தோழர்களே,

2012 செப்டம்பரில் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரியில் அச்சன்குளம். தேடினால் இறந்தவர் எண்ணிக்கை உடனே கிடைக்கும். உரிமம் யார் பெயரில்? உள்குத்தகைக்கு நடத்தியது யார்? இழப்பீடு வந்ததா? இவற்றைத் தனித்தனியாகத் தோண்ட வேண்டும்.

நம் தளங்கள் பலவும் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. அது கேட்பது தலைப்பும் உள்ளடக்கமும்தான். ஆனால் 2018-இல் 5.0 பதிப்போடு பிளாக் எடிட்டர் வந்துவிட்டது. நமக்கான பிளாக்கை நாமே எழுதலாம்.

நான் முன்வைப்பது ‘விபத்துப் பதிவு’ பிளாக். ஊர், தேதி, உரிமதாரர், குத்தகைதாரர், இறந்தவர் செய்த வேலை, இழப்பீடு, வழக்கு நிலை என ஏழு கட்டங்கள். யார் மருந்து கலக்கிறார், யார் கணக்கு எழுதுகிறார் என்பதில் சாதி இருக்கிறது. அதனால்தான் வேலைக்கும் ஒரு கட்டம். நிரப்பாத கட்டம் மறையக் கூடாது. ‘பதில் இல்லை’ என்றே பக்கத்தில் தெரிய வேண்டும். குடும்பத்தின் சம்மதமின்றிப் பெயரோ சாதியோ ஏற்றக் கூடாது.

இதைத் தீமுக்குள் எழுதாதீர்கள். தீமை மாற்றும் நாளில் பிளாக் செயலிழக்கும். தனிப் பிளகினாக எழுதி ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டால், எந்த ஊர்த் தோழரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.

பிறரிடம் இடம் கேட்டு நிற்காமல் 1920-இல் அம்பேத்கர் மூக்நாயக்கையும், 1925-இல் பெரியார் குடி அரசையும் தொடங்கினார்கள். நமக்கான கட்டங்களை நாமே வரைவோம்.

ஜெய்பீம்.