காளான் குடிலில் நோய்: மருந்தைவிடத் தூய்மை முக்கியம்

(சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பள்ளியில் சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படுக்கையில் பச்சைப் பூசணம் வந்துவிட்டது சார், என்ன மருந்து தெளிக்கலாம்?"

எதையும் தெளிக்க வேண்டாம் என்பதே என் பதில். காளானும் பூஞ்சை, அதைக் கெடுப்பதும் பூஞ்சை. ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதையும் தாக்கக்கூடும். அதோடு, அந்தக் காளானைச் சில நாளில் நம் பிள்ளைகள் சமைத்து உண்ணப்போகிறார்கள். எனவே பள்ளியில் நமக்கிருக்கும் வழி, நோய் வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

பச்சைப் பூசணத்தின் பெயர் டிரைக்கோடெர்மா. அதன் வித்துகள் காற்றிலும் மண்ணிலும் பழைய வைக்கோலிலும் இருக்கின்றன. காளான் இழைகள் முந்திப் பரவினால் படுக்கை வெண்மையாகும். பூசணம் முந்தினால் பச்சையாகும். காளானை முந்தவைப்பதே நம் வேலை.

அதற்கு மழையில் நனையாத, மஞ்சள் நிறம் மாறாத புது வைக்கோலை எடுங்கள். சிறு துண்டுகளாக வெட்டி நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஒரு மணி நேரம் வேகவையுங்கள். கொதிநீர் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். வைக்கோலை ஊறவைக்க இரசாயனம் கலந்த நீரைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் அது வேண்டாம்.

அடுத்தது ஈரப்பதம். வெந்த வைக்கோலை ஆறவிட்டு, ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். நீர் சொட்டக் கூடாது. உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். ஈரம் மிகுந்த படுக்கையில் பூசணம் எளிதில் பிடிக்கும். கறுத்து மை போல் கரையும் குடைக்காளான்களும் முளைக்கும். வித்துப் பாக்கெட் முழுதும் வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ, புளித்த வாடையோ இருந்தால் அதை வாங்காதீர்கள். வித்திடுபவர் சோப்பால் கைகழுவி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யட்டும்.

மொட்டு வந்த பின்னும் கவனம் தேவை. காளான் மேல் நீர் தேங்கி, காற்றோட்டமும் குறைந்தால், பாக்டீரியாவால் மஞ்சள், பழுப்புப் புள்ளிகள் தோன்றிக் காளான் வழவழப்பாகும். அறையின் சுவரிலும் தரை மணலிலும் நீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். காளான் மேல் தெளித்தால் பனித்துளி போல் மெல்லியதாக இருக்கட்டும். ஈக்கள் நோயைப் படுக்கைக்குப் படுக்கை கடத்தும். அவற்றின் புழுக்கள் இழைகளையும் தின்னும். சன்னலுக்கு நெருக்கமான நைலான் வலையும், உள்ளே எண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையும் போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு படுக்கை பச்சையானால், அதைக் குடிலுக்குள் பிரிக்காதீர்கள். பையோடு வெளியே கொண்டுபோய் ஆழப் புதையுங்கள். அதைத் தொட்ட கையோடு நல்ல படுக்கையைத் தொடக் கூடாது. காளான் ஓரம் மேல்நோக்கி வளையும் முன்பே அறுவடை செய்துவிடுங்கள். முற்றிய காளான் உதிர்க்கும் வித்துத்தூள் சிலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் தரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைக் குடிலுக்குள் அனுப்பாமல், பதிவேட்டுப் பொறுப்பைக் கொடுங்கள்.

அந்தப் பதிவேடு சாதாரண வேலை அல்ல. ஒவ்வொரு படுக்கைக்கும் எண்ணிட்டு, வைக்கோல் வெந்த நேரம், வித்திட்ட நாள், வித்திட்டவர் குழு, முதல் மாற்றம் தெரிந்த நாள் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். ஒரே நாளில் போட்ட எல்லாப் படுக்கைகளும் கெட்டிருந்தால் வைக்கோலையோ வித்தையோ சந்தேகிக்கலாம். ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருந்தால் கையையோ பையின் கிழிசலையோ பார்க்கலாம். காரணத்தைத் தேடும் இந்தப் பழக்கம்தான் அறிவியல் பாடம். யாரால் கெட்டது என்று பிள்ளையைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை பச்சைப் புள்ளியைப் பார்த்தும் சொல்லமாட்டான்.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லுங்கள். இதே டிரைக்கோடெர்மா இனத்தைச் சேர்ந்த பூஞ்சையைத்தான் நம் உழவர்கள் வேரழுகலைத் தடுக்க விதையில் கலக்கிறார்கள். பிற பூஞ்சைகளை அழிக்கும் அதன் குணம் வயலில் நன்மை, காளான் குடிலில் தீமை. நன்மை செய்யும் நுண்ணுயிரி, தீமை செய்யும் நுண்ணுயிரி என்று நாம் பிரித்து நடத்தும் பாடத்தை இதைக் கேட்ட மாணவர் வேறு கண்ணோடு படிப்பார்.

முதல் ஆண்டில் ஐந்து படுக்கைகளோடு தொடங்குங்கள். தினமும் காலையில் ஒரு குழு பார்த்து எழுதட்டும்.