குளிருக்குப் பயந்து கதவை மூடும் முன்

அரையாண்டுத் தேர்வு முடிஞ்சாச்சு. "ஊட்டியா, கொடைக்கானலா?" என்று வீட்டில் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்திருப்பார்கள். கோடையில் மலைக்குப் போவது ஒரு விதம். மார்கழியில் போவது வேறு விதம். அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். நம்ம ஊரில் இரவு 20 டிகிரி வந்தாலே போர்வை தேடுகிறோம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும்.

இந்தக் குளிர் நம்மை ஒன்றும் செய்துவிடாது. நல்ல உடையும் கொஞ்சம் கவனமும் போதும். குளிருக்குப் பயந்து நாம் அவசரமாகச் செய்யும் சில வேலைகள்தான் ஆபத்தில் கொண்டுபோய் விடுகின்றன.

அதில் முதலாவது, கரி அடுப்பு.

ராத்திரி வெளியில் தீ மூட்டி, பார்பிக்யூ அடுப்பில் கோழி சுட்டுச் சாப்பிடுகிறோம். சாப்பிட்டு முடித்த பிறகும் அடுப்பில் கனல் இருக்கும். "புகைதான் இல்லையே, ரூமுக்குள்ள வச்சா கதகதப்பா இருக்குமே" என்று தூக்கிக்கொண்டு போய், கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இப்படிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போன சம்பவங்கள் நம் மலை ஊர்களில் நடந்திருக்கின்றன.

காரணம் இதுதான். புகை நின்ற பிறகும் கனலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜனைவிட இது 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு என்னவோ ஓடும், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தூக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

அதனால் கரி, விறகு, நிலக்கரி எதுவானாலும் எரியும் அடுப்பு அறைக்குள் வரவே கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்ற சமாதானமும் வேண்டாம். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் இதே ஆபத்துதான். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால், காற்று போய்வர வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதைப் பயன்படுத்தாதீர்கள். பக்கெட்டில் வெந்நீர் கேட்டு வாங்கிக் குளியுங்கள்.

ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் "சாப்பாடு ஒத்துக்கல" என்று விட்டுவிடாதீர்கள். உடனே கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். 108-ஐ அழையுங்கள்.

அடுத்து உடை. ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, மெல்லிய உடைகளை இரண்டு மூன்று அடுக்காகப் போடுவது நல்லது. இடையில் நிற்கும் காற்று உடம்புச் சூட்டைக் காக்கும், வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். காது, தலை, பாதம் மூன்றையும் மூடுங்கள். பிள்ளைகளின் சாக்ஸ் பனியில் நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மது குடித்தால் குளிர் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். அப்போது சூடாக இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான். உண்மையில் உடம்புச் சூடு இன்னும் வேகமாக வெளியேறும்.

குளிரில் தாகம் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் கூட வருகிறார்களா? குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று இழுப்பைக் கிளப்பிவிடும். உறைபனி பார்க்க விடியற்காலையில் அவர்களை எழுப்ப வேண்டாம், வெயில் வந்த பிறகு கூட்டிப்போகலாம். கிளம்பும் முன் அவர்களுடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்து, பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை ராத்திரி காரில் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு: மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். லோ பீம் போடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பாமல், ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்குங்கள். இருட்டிய பிறகு மலையிறங்குவதைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி உங்கள் கையில் இருக்கும் போன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூரிலிருந்து வரும் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அரசின் இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம். நடுவில் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. இரண்டும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும்.

மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் இ-பாஸ், வரைபடம், தங்குமிட முகவரி மூன்றையும் வீட்டிலேயே இறக்கிச் சேமித்துவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் ஒன்று கையில் இருக்கட்டும்.

மூன்று எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்சுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. எந்த அவசரத்துக்கும் 112. தமிழ்நாட்டுச் சாலைகளில் விபத்து நேர்ந்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் கட்டணம் இல்லாமல் சிகிச்சை கிடைக்கும். பணத்தை நினைத்துத் தயங்கி யாரும் நேரத்தைக் கடத்த வேண்டாம்.

இன்னும் ஒன்றே ஒன்று. அறைக்குப் போனதும், ராத்திரி கூடுதலாக இரண்டு கம்பளி வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கம்பளி போதவில்லை என்றால்தான் பலருக்கு அந்தக் கரி அடுப்பு ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

பத்திரமா போயிட்டு, நல்லபடியா வாங்க.