என்ன தப்பு செய்தேன்?



என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். அவள் தர்மபுரி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், நான் தொப்பூரில். பீய்ச்சிய பாலோடு தினமும் கணவாய் ஏறும் பஸ்ஸில் போவேன். வெறுங்கையோடு இறங்கி வருவேன்.

"என்னத்தைத் தின்னே? எதைத் தூக்கினே?" என்று ஊரார் கேட்டார்கள். அதையே என் மனசும் கேட்டது. 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைப்பிரசவம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் நர்ஸம்மா குழந்தையை என் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். 'கங்காரு பராமரிப்பு' என்றார். அவள் மூச்சு நெஞ்சில் பட்டதும்தான் அழுதேன்.

இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை அது. பிறந்ததுமே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அணைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. அப்பா, பாட்டியும் அணைக்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ இப்படி நேர்ந்தால், "எப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அந்த பஸ்ஸில் கூடப் போங்கள்.