பச்சரிசியும் புழுங்கலரிசியும்



இன்று காலை இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம், "எல்லாவற்றையும்தான் குறை சொல்லுகிறீர்கள், சாப்பாட்டிலாவது முன்னோர் வழக்கத்தை விட்டுவைக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவர் அப்போது மிளகாய்த் துவையல் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுக் கொண்டிருந்தார்! மிளகாய் அமெரிக்காக் கண்டத்துச் செடி. 1498-ல் போர்த்துகீசியர் கள்ளிக்கோட்டைக்கு வந்த பிறகுதான் அது இந்நாட்டுக்கு வந்தது. ராஜராஜ சோழன் மிளகாயைக் கண்ணால் பார்த்தவனல்ல. உருளைக்கிழங்கு, தக்காளி, வேர்க்கடலை, மரவள்ளி யாவும் அந்தக் கண்டத்துச் சரக்குகளே. அவை வந்ததைத் தப்பென்று நான் சொல்லவில்லை. மனிதன் நெருப்பில் சுட்டுத் தின்னக் கற்ற நாள் முதல் சாப்பாடு மாறிக்கொண்டுதான் வருகிறது. எதைக் கொள்ளுவது, எதைத் தள்ளுவது என்பதைப் புத்தியைக் கொண்டு பார்க்கிறோமா என்பதுதான் விஷயம். நம் அரிசியையே எடுத்துக் கொள்ளுங்கள்.

உரலில் குத்திய காலத்தில் அரிசியில் கொஞ்சம் தவிடு ஒட்டிக் கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி மில்கள் பெருகின. தவிட்டில் எண்ணெய் இருப்பதால், தவிடுள்ள அரிசி கப்பலில் போய்ச் சேருவதற்குள் காறிப் போகும். ஆகவே தீட்டி அனுப்புவது வியாபாரிக்கு லாபமாயிற்று. ஜனங்களும் வெள்ளையைக் கண்டு மயங்கினார்கள். கிழக்குத் தேசங்களில் பெரிபெரி என்ற நோய் பரவிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் ஓய்ந்து சாவார்கள். வைத்தியர்கள் கிருமி என்றார்கள். மற்றவர்கள் விதி என்றார்கள்.

ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியரும் கிருமியைத்தான் தேடிக் கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரென்று கால் விளங்காமல் விழுந்தன. பிறகு தாமாகவே எழுந்தன. விசாரித்ததில், பட்டாள ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரன் பட்டாளத்துச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்ததும் தெரிந்தது. மறுத்த பிறகு கோழிகள் பிழைத்தன! அந்த ஆராய்ச்சிக்காக எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம்மவர் சங்கதி. மலேயாவில் சீனத் தொழிலாளர்கள் மில்லில் தீட்டிய பச்சரிசியைத் தின்று பெரிபெரியில் மாண்டார்கள். பக்கத்திலேயே பாடுபட்ட தமிழ்க் கூலிகளுக்கோ அந்நோய் அபூர்வம். பிராடன் என்ற வைத்தியர் இதைக் கவனித்து, தமிழர் தின்பது புழுங்கலரிசி என்று சுட்டிக் காட்டினார். 1905-ல் கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்பவர் நோயாளிகளை இரண்டு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குப் பச்சரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிக்காரர்களில் பலர் பெரிபெரியால் செத்தார்கள். புழுங்கலரிசிக்காரர்களில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. காரணம் தெய்வமல்ல. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிக் கொள்ளுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுதும் போவதில்லை.

இப்போது யோசியுங்கள். புழுங்கலரிசி ஒரு தரம் வெந்தது, ஆகையால் அசுத்தம், சுவாமி நைவேத்தியத்துக்கு ஆகாது, திவசத்துக்கு ஆகாது என்கிறார்கள். என் தாயாரும் அப்படித்தான் திவசத்துக்கென்று பச்சரிசியைத் தனியே வாங்கி வைப்பார். கேட்டால், "ஐயர் சொல்லியிருக்கிறார்" என்பார். எந்த அரிசி அசுத்தமோ அதுதான் ரப்பர்த் தோட்டத்துக் கூலியின் உயிரைக் காத்தது!

இன்றைக்கும் நிலைமை ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. புழுங்கலரிசியையே மல்லிகைப்பூப் போலத் தீட்டித் தரச்சொல்லிக் கேட்கிறோம். கம்பங்கூழ் குடிக்கிறவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த கனவான்கள், ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று சொன்ன பிறகு, அதே கம்பைப் பொட்டலமாகக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். விளைவித்தவன் வீட்டிலோ ரேஷன் வெள்ளையரிசி வேகிறது.

காலையில் கேட்ட பெரியவரும் இக்கூட்டத்தில் இருக்கிறார். அவரும் மற்றவர்களும் சந்தேகமிருந்தால் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம்.